பாட்டிலை மூடுங்கள், பக்கெட்டை எடுங்கள்

கேள்வி: 100 லிட்டரில் முதல் ரீஃப் தொட்டி வைத்திருக்கிறேன். இரண்டு கோமாளி மீன், நாலைந்து மஷ்ரூம் பவளம். கடைக்காரர் கால்சியம், அயோடின், ஸ்ட்ரான்ஷியம் என்று ஏழு பாட்டில்களை வரிசையாக எடுத்து வைத்துவிட்டார். எதை முதலில் வாங்கட்டும்?
– சிங்கப்பூர் வாசகர்

பதில்: உப்பு. ரீஃப் தொட்டிக்கென்றே வாளியில் வருகிறதே, அந்த உப்பு. ஏழு பாட்டிலில் தனித்தனியாக இருப்பதெல்லாம் அந்த வாளிக்குள் ஏற்கெனவே ஒன்றாக இருக்கிறது. நல்ல உப்பை ஆயிரத்துக்கு 35 என்ற அளவுக்குக் கரைத்தால் கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், மெக்னீசியம் 1,300 பக்கம், ஆல்கலினிட்டி (தண்ணீரில் கரைந்த கார்பனேட், பைகார்பனேட் இருப்பு) 8 முதல் 11 டிகேஹெச் என்று எல்லாம் தானாக வந்து நிற்கும். வாரம் 10 லிட்டர் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். உங்கள் தொட்டிக்கு அது போதும். மஷ்ரூம் பவளத்துக்குக் கல் எலும்புக்கூடே கிடையாது. அதற்குப் போய் கால்சியம் டானிக் வாங்குவானேன்?

கேள்வி: அயோடின்?
– கோலாலம்பூர் வாசகி

பதில்: அளக்க முடியாததை ஊற்றாதீர்கள். கடலிலேயே அது லிட்டருக்கு 0.06 மில்லிகிராம்தான். கொஞ்சம் கை தாராளமானால் மருந்து விஷமாகிவிடும்.

கேள்வி: கால்சியம் டெஸ்ட் கிட் 420 காட்டுகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஆனாலும் என் கல் பவளம் ஓரங்களில் வெளுக்கிறது.
– லண்டன் வாசகர்

பதில்: நல்லவரை விசாரித்துவிட்டு வந்திருக்கிறீர்கள், பிரச்சினை செய்பவர் பக்கத்து வீட்டில் இருக்கிறார். கல் பவளம் கட்டுவது கால்சியம் கார்பனேட். கால்சியத்தை எடுக்கும்போது ஆல்கலினிட்டியையும் சேர்த்தே எடுக்கும். கணக்கு இது: கால்சியம் 20 பிபிஎம் குறைகிற நேரத்தில் ஆல்கலினிட்டி 2.8 டிகேஹெச் குறைந்துவிடும். 420 என்பது 400 ஆனால் டெஸ்ட் கிட்டுக்கே அது சரியாகத் தெரியாது. ஆனால் 8 என்பது 5.2 ஆனால் பவளத்துக்குத் தெரியும். ஓரம் வெளுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே, ஒரே ஒரு டெஸ்ட் கிட்டுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ஆல்கலினிட்டி கிட்டை வாங்குங்கள்.

வாங்கியதும் ஊற்றுகிற அவசரம் வேண்டாம். இன்று மாலை அளந்து எழுதி வையுங்கள். மூன்று நாள் எதுவும் சேர்க்காமல், தண்ணீரும் மாற்றாமல், அதே நேரத்துக்கு மறுபடி அளங்கள். வித்தியாசத்தை மூன்றால் வகுத்தால் வருவதுதான் உங்கள் தொட்டியின் தினப்படிச் சாப்பாடு. பாட்டில் லேபிளில் "நூறு லிட்டருக்கு இத்தனை மூடி" என்று அச்சிட்டவர் உங்கள் தொட்டியைப் பார்த்ததில்லை.

தண்ணீர் மாற்றுவதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொட்டியில் 8 டிகேஹெச், புது உப்புத் தண்ணீரில் 10 என்றால், பத்தில் ஒரு பங்கு மாற்றியபின் தொட்டி 8.2 ஆகும். வாரத்துக்கு 0.2 தின்னும் தொட்டிக்கு இது சரியான வரவு. தினமும் 0.5 தின்னும் தொட்டிக்கு வாரச் செலவு 3.5, அங்கே பக்கெட் தோற்றுவிடும். பாட்டிலுக்கு வேலை வருவது அப்போதுதான்.

கேள்வி: "டூ பார்ட்" மருந்து வாங்கி இரண்டையும் ஒன்றாக ஊற்றினேன். தொட்டி பால் போல வெளுத்துவிட்டது. பவளம் செத்துவிடுமா?
– பினாங்கு வாசகர்

பதில்: பவளம் உயிரோடு மெதுவாகச் செய்கிற கல்லை, பவளமே இல்லாமல் ஒரு நொடியில் செய்து காட்டிவிட்டீர்கள். ஒரு பாட்டிலில் கால்சியம் குளோரைடு, இன்னொன்றில் கார்பனேட். இரண்டும் அடர்த்தியாகச் சந்தித்தால் சுண்ணாம்புத் தூளாகக் கீழே உட்காரும். ஸ்கிம்மரையும் பம்பையும் ஓட விடுங்கள், பெரும்பாலும் சில மணி நேரத்தில் தெளியும். தெளிந்ததும் ஆல்கலினிட்டியை அளங்கள். இனிமேல் ஒன்றை ஊற்றி, நன்றாகக் கலந்தபின், தள்ளி வேறோர் இடத்தில் மற்றதை ஊற்றுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுக்காரர்கள் "கால்க்வாசர்" என்று சுண்ணாம்புத் தண்ணீரைத்தான் ஊற்றுகிறார்களாமே! எங்கள் ஊரில் வெற்றிலைச் சுண்ணாம்புக்கா பஞ்சம்?
– கும்பகோணம் வாசகர்

பதில்: வேதியியல் உங்கள் பக்கம்தான். ஜெர்மானியர்கள் பிரபலமாக்கிய அந்தச் சரக்கு கால்சியம் ஹைட்ராக்சைடு. நீற்றிய சுண்ணாம்பும் அதுவே. கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் பவளம் தின்னும் அதே விகிதத்தில் தருகிற அருமையான மலிவுப் பொருள். ஆனால் டப்பாச் சுண்ணாம்பில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று டப்பா சொல்லாது. தரம் எழுதிய சுத்தமான தூளே வேண்டும். அதிலும் மேலே நிற்கும் தெளிநீரை மட்டும், ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அதன் பிஹெச் 12-க்கு மேல். ஒரு டம்ளரை மொத்தமாகக் கவிழ்த்தால் மறுநாள் காலை மீனை எண்ண வேண்டிய அவசியம் இருக்காது. சரி, கும்பகோணத்தில் சுண்ணாம்பு தின்னும் கல் பவளம் எப்படி வந்தது? அடுத்த பதிலை நீங்களும் படியுங்கள்.

கேள்வி: மண்டபம் கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளக் கல்லை எடுத்து வந்து தொட்டியில் வைக்கலாமா? செத்த கல்தானே?
– மதுரை வாசகர்

பதில்: கூடாது. ரீஃப் கட்டும் கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்ததா, உயிருள்ளதா என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டும் இன்று தண்ணீருக்கடியில். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக் கல்லை வெட்டி எடுத்ததன் விலை அது. தொட்டிக்குப் பீங்கான் கல், செயற்கைக் கல் எல்லாம் கிடைக்கின்றன. மூன்று மாதத்தில் பாசி படிந்தபின் வித்தியாசம் தெரியாது. கடையில் கல் பவளம் விற்றாலும், வனத்துறையிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: சென்னை வெயிலில் தினமும் ஒரு லிட்டர் குறைகிறது. அளவாக உப்புத் தண்ணீர் கலந்துதான் நிரப்புகிறேன். ஆனாலும் மீன் சோர்ந்து கிடக்கிறது.
– வேளச்சேரி வாசகி

பதில்: தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு எங்கும் போகவில்லை. தினமும் ஊறுகாய் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நிரப்புவது வெறும் தண்ணீராக இருக்கட்டும். அதற்கு வீட்டு ஆர்.ஓ. போதுமா என்று அடுத்துக் கேட்பீர்கள்: போதாது. பல வீட்டு மெஷின்கள் ருசிக்காக மினரலைத் திரும்பச் சேர்க்கின்றன. டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும்வரை அயனிகளை நீக்கும் டி.ஐ. ரெசின் வழியாக விடுங்கள். நான் யோசிக்காமல் சிபாரிசு செய்கிற ஒரே செலவு இந்த ரெசின்தான்.

கேள்வி: பாட்டிலில் பாக்டீரியா விற்கிறார்களே, அதுவும் ஏமாற்றா?
– யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: இல்லை. நான் கிண்டல் செய்யாத பாட்டில் அது ஒன்றே. புதுத் தொட்டியில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா தானாக வளர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். நல்ல பாட்டில் அதைச் சுருக்கலாம். ஆனால் மீன் விட நாள் குறிப்பது லேபிள் அல்ல, அம்மோனியா டெஸ்ட்.

கேள்வி: பவள உணவு, அமினோ அமிலம்?
– கோவை வாசகர்

பதில்: பவளத்தின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெளிச்சத்தில் சமைத்துப் போடுகிறது. மீதிக்கு மீன் தின்று மிஞ்சியதே ஆரம்பத் தொட்டிக்குத் தாராளம். மேலே ஊற்றினால் நைட்ரேட், பாஸ்பேட் ஏறும், கண்ணாடியெல்லாம் பாசி பிடிக்கும். பாசிக்கொல்லி பாட்டில் அதே கடையில், அடுத்த அலமாரியில்.

கேள்வி: தொட்டிக்கு ஒரு வயது. 200 லிட்டர், அக்ரோபோரா என்ற கல் பவளம் வளர்கிறது. மெக்னீசியம் 1,320. ஆல்கலினிட்டி தினமும் 0.5 டிகேஹெச் குறைகிறது. இப்போதாவது ஊற்றலாமா?
– டொரன்டோ வாசகி

பதில்: ஊற்றுங்கள்! உங்கள் தினச் செலவுக்கு ஈடு 3 கிராம் சோடியம் பைகார்பனேட். அதாவது ஆப்பசோடா. (பேக்கிங் பவுடர் அல்ல!) அதைத் தண்ணீரில் கரைத்துத் தினம் ஒரே நேரத்தில் விடுங்கள். கூடவே, தனியாக, சுமார் இரண்டரை கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். "பஃபர்" என்ற பெயரில் வரும் பல பாட்டில்களுக்குள் இருப்பதும் பெரும்பாலும் இதே சோடாதான், கூடுதலாக ஒரு பவளப் படம். ஒரு நாளில் 1 டிகேஹெச்சுக்கு மேல் ஏற்ற வேண்டாம். வாரம் ஒரு முறை அளந்து திருத்திக்கொள்ளுங்கள். பவளம் வளர வளரக் கணக்கும் ஏறும்.

மற்ற வாசகர்களுக்கு: எத்தனை மில்லி ஊற்றட்டும் என்று கேட்பவர்கள் தொட்டியின் லிட்டரையும், இரண்டு நாள் ஆல்கலினிட்டி அளவையும், தேதியோடு எழுதி அனுப்புங்கள். எண் இல்லாத கடிதங்களுக்கு இந்தப் பகுதியில் பதில் கிடையாது.