சம்பந்தி வீட்டுப் புதையல்

பக்கத்து வீட்டு முருங்கைக்காய் நம் பக்கம் தொங்கினால்கூட ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பறிக்க வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள், பென்ஷன் வாங்கும் வயதில், சாய்வு நாற்காலியில் அமர்ந்தபடியே உற்றார் உறவினர் கிராமங்களுக்குள் புகுந்து கொள்ளையடித்து, அதைப் பற்றிக் கல்யாண வீடுகளில் பெருமையும் பேசிக்கொள்ளும் காலம் வந்திருக்கிறது. இதற்குக் காரணமான காயின் மாஸ்டர் என்னும் கைபேசி விளையாட்டை உலகத்துக்கு வழங்கியது இஸ்ரேலைச் சேர்ந்த மூன் ஆக்டிவ் என்ற நிறுவனம். எங்கள் குடும்பத்துக்கு வழங்கியவர் என் மைத்துனர். ஆள் சேர்த்துவிட்டால் தமக்கு இலவச ஸ்பின் கிடைக்கும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் ஃபேஸ்புக்கில் அவ்வளவு பிரியமாக அழைத்தார் என்பது பிற்பாடுதான் விளங்கிற்று.

ஆடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கிராமம்; காசு சேர்த்து அதில் கட்டடம் எழுப்பவேண்டும். ஆட்டத்துக்கு ஆதாரம், மூன்று உருளைகள் சுழலும் ஒரு சூதாட்ட இயந்திரம். அதை ஒரு முறை சுழற்றுவதற்குத்தான் ஸ்பின் என்று பெயர். சுத்தி மூன்று ஒரே வரிசையில் விழுந்தால் பிறர் கிராமத்தில் ஒரு கட்டடத்தை இடிக்கலாம். பன்றி மூன்று விழுந்தால் பிறர் புதையலைத் தோண்டலாம். கேடயம் மூன்று விழுந்தால் நம் கிராமத்துக்குக் காவல். ஆநிரை கவர வெட்சி, அதை மீட்கக் கரந்தை, மதிலை வளைக்க உழிஞை, மதிலைக் காக்க நொச்சி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவைச் சூட்டி அனுப்பிய நம் பழைய இலக்கணக்காரர்கள் இதைக் கண்டு திகைத்திருக்க மாட்டார்கள். 'பழிவாங்கு' என்ற பொத்தானைக் கரந்தையில் அடக்கிவிட்டு மேலே போயிருப்பார்கள். ஆயினும் புதிதாக ஆடுகிறவர் அறியவேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. கேடயம் சுத்தியைத்தான் தடுக்கும், பன்றியைத் தடுக்காது. எத்தனை கேடயம் வைத்திருந்தாலும் ரொக்கம் ரொக்கமாகவே திறந்து கிடக்கும்.

ஆகையால் இந்த ஆட்டத்தில் சிக்கனக்காரனைப் போன்ற ஏமாளி வேறொருவன் இல்லை. அஞ்சறைப் பெட்டியின் அடியில் சிறுவாடு சேர்த்தே மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்த என் அத்தை, அந்தப் பழக்கத்தை இங்கேயும் விடாமல், கோடி கோடியாகச் சேர்த்து வைத்துக்கொண்டு "அவசரத்துக்கு இருக்கட்டும்டா" என்பார். அவசரம் வேறு யாருக்கோ வந்து, விடிவதற்குள் தோண்டிக்கொண்டு போயிருப்பார்கள். கட்டடத்தில் போட்ட காசை எவனும் தோண்டிக்கொண்டு போக முடியாது. இடித்தாலும் பழுது பார்த்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்கு 5 ஸ்பின் வீதம் இலவசமாக வந்து, 50 சேர்ந்ததும் வரத்து நின்றுவிடுகிறபடியால், 10 மணி நேரத்துக்கு மேல் தூங்குகிறவருக்கு நஷ்டமும் உண்டு. ஸ்பின்னையும் தீர்த்து, காசையும் செங்கல் சுண்ணாம்பாக மாற்றிவிட்டு, பரம தரித்திரராகப் படுக்கைக்குப் போவதே விவேகம் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது, கூச்சத்தை விடுவது. யாரைக் கொள்ளையடிக்கப் போகிறோம் என்பதை இயந்திரத்தின் தலைமாட்டிலேயே, பெயரும் படமும் கையிருப்பும் சகிதமாகக் காட்டிவிடுகிறார்கள். பன்றி விழும்வரை அந்த ஆள் மாறுவதுமில்லை. கையிருப்பு கொழுத்ததாகத் தெரிந்தால் பந்தயத்தை உயர்த்திக்கொள்வதும், ஃபாக்ஸி என்ற நரிக்குத் தீனி போட்டு எழுப்பிவிடுவதும் தேர்ந்தவர்களின் வழக்கம். நரி கூடவே வந்து தன் பங்குக்கும் தோண்டித் தரும். ஒரு நாள் இரவு அந்த இடத்தில் வெள்ளை வேஷ்டியும் விபூதியுமாகச் சிரித்துக்கொண்டிருந்தவர் எங்கள் சம்பந்தி. அவர் வீட்டுப் பந்தியில் இரண்டாம் முறை மோர் கேட்கவே நாக்கு எழாத நான், பந்தயத்தையும் உயர்த்தி, நரியையும் எழுப்பி, நான்கு இடங்களில் மூன்றைத் தோண்டலாம் என்ற விதிப்படி அவர் கிராமத்தைத் தோண்டித் தீர்த்தேன். இதில் இன்னொரு சங்கடம், வந்து போனவன் யார் என்பதைப் பறிகொடுத்தவருக்கு நிறுவனத்தாரே தெரிவித்துவிடுகிறார்கள். மறுவாரம் ஒரு நிச்சயதார்த்தத்தில் அவர் வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்தி, "ராத்திரி நம்ம வீட்டுப் பக்கம் வந்திருந்தீர்கள் போலிருக்கிறதே, சொல்லியிருந்தால் நாலாவது குழி எங்கே என்று காட்டியிருப்பேனே" என்றார். சம்பந்தம் இன்றுவரை சௌக்கியமாகவே இருக்கிறது.

விளையாட்டாகவே சொல்லிக்கொண்டிருந்தாலும், ஒரு விஷயத்தில் வேடிக்கை கூடாது. ஸ்பின்னை நிஜப் பணம் கொடுத்தும் வாங்கலாம் என்பதில்தான் அந்த நிறுவனத்தாரின் பன்றி ஒளிந்திருக்கிறது. ஜெர்மனியில் யான் பேமர்மான் என்ற தொலைக்காட்சி நையாண்டிக்காரர் 2019-ல், இது குழந்தைகளைச் சூதாட்டத்துக்குப் பழக்குகிறது என்று கடுமையாகக் கண்டித்தார். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. பேரப்பிள்ளைகள் கையில் கொடுக்கும் போனில், வங்கி அட்டையின் எண்ணைப் பதிந்து வைக்காதீர்கள். அளவற்ற ஸ்பின் தருகிறோம் என்று ரகசியச் சொல்லைக் கேட்கிறவர்களிடம் அதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அவர்கள் தோண்டுவது வேறு கிராமம். நிறுவனத்தார் தங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் அவ்வப்போது தரும் இலவச இணைப்புகளே போதும்.

மற்றபடி, இந்த ஆட்டத்தில் சேர்க்கும் அட்டைகளில், 9 கொண்ட தொகுப்பு ஒன்று நிரம்ப எனக்கு ஓர் அட்டை குறைகிறது. தங்க அட்டையாயிருந்தால் நினைத்தபோது அனுப்ப முடியாது. இது சாதாரண அட்டைதான். அன்பர்கள் எவரிடமேனும் இரட்டையாக இருந்தால், என்னால் கொள்ளையடிக்கப்பட்டவர்களாயினும் அதைப் பாராட்டாமல், ஒன்றை அனுப்பிவைக்கும்படி வணக்கத்துடன் கேட்டுக்கொள்கிறேன்.