குரங்கு பிடிக்கப் போய்க் காற்றான கதை

2008 ஜனவரி 30, புதன்கிழமை. எகிப்தின் அலெக்சாண்டிரியா பக்கம் சீ-மீ-வீ 4, ஃப்ளாக் என்ற இரண்டு கடலடிக் கேபிள்கள் அறுந்தன. வளைகுடாவிலும் இந்தியாவிலும் இன்டர்நெட் நொண்டியடித்தது. துபாய் தேராவில் ஆபீஸ் சர்வரில் உபுண்டு 7.10 போட்டுவிட்டு அன்றுதான் நான், சாஃப்ட்வேர் பட்டியலைப் புதுப்பிக்கும் ‘ஆப்ட்-கெட் அப்டேட்’ கட்டளையை அடித்தேன். கேபிள் சேதி எனக்குத் தெரியாது. நான் டிவி பார்க்கிற ஜாதி இல்லை, டெர்மினல் பார்க்கிற ஜாதி.

‘0%’ என்று வந்து நின்றது. நின்றது நின்றதுதான்.

ஊரே அறுந்து கிடந்தாலும் கம்ப்யூட்டர்க்காரன் ஃபைலைத்தான் நோண்டுவான். ஆப்ட் படிக்கிற சோர்சஸ்.லிஸ்ட் ஒரு மளிகைச் சீட்டு; எந்தக் கடை, எந்த அலமாரி என்று வரிக்கு வரி எழுதியிருக்கும். கடையை மாற்றினேன்: பிரிட்டன், ஜெர்மனி, இந்தியா. ப்ராக்ஸியைச் சேர்த்தேன், எடுத்தேன். டிஎன்எஸ்ஸை மாற்றினேன். கடைசியில் சீட்டையே அழித்துவிட்டுக் கையால் புதிதாக எழுதினேன், பிள்ளையார் சுழியோடு. சுழிக்கு முன்னால் ஹேஷ் போட்டதால் ஆப்ட் அதைப் படிக்கவில்லை. பிள்ளையாரும் படிக்கவில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 1, வெள்ளிக்கிழமை. துபாயிலிருந்து 56 கிலோமீட்டரில், ஓமானுக்குப் போகும் வழியில் ஃபால்கன் கேபிளும் போனது. மறுநாள் பேப்பரில் படித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை அர்பாப், அதாவது முதலாளி, பார்த்திருந்தால் விசாவை கேன்சல் செய்திருப்பார். குற்றவாளி நான் இல்லை! ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னால் போய் நின்று, “கடலில் பிரச்சினை” என்றேன், அரபிக்கடலுக்கே நான்தான் கணக்குப்பிள்ளை என்பது போல.

ஃபால்கனை அறுத்தது எவனோ விட்டுவிட்டுப் போன நங்கூரமாம். ஐந்தாறு டன். கஃபட்டேரியாவில் சுலைமானி டீ ஊற்றிக்கொண்டிருந்த கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சிரித்தார்: “நங்கூரத்தத் தொலைச்சவன எங்கூர்ல வள்ளத்துலயே ஏத்த மாட்டோம், தம்பி.”

சுமார் பத்து நாளில் கேபிளை ஒட்டிவிட்டார்கள். மார்தட்டிக்கொண்டு மறுபடி அடித்தேன். கண்மூடித் திறப்பதற்குள் வந்தது: ‘404 நாட் ஃபவுண்ட்’.

0%-இல் நின்றால் வழி அடைப்பு. 404 என்றால் வழியும் சரி, கடையும் திறந்திருக்கிறது, நீ கேட்ட சாமான்தான் இல்லை. இந்த வித்தியாசம் தெரிந்தும் நான் அரை மணி நேரம் எகிப்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் சீட்டைப் பார்த்தேன்.

உபுண்டு 7.10-இன் செல்லப்பெயர் ‘கட்ஸி கிப்பன்’, துணிச்சல்காரக் குரங்கு. சீட்டில் அலமாரியின் பெயராக ‘கட்ஸி’ என்று எழுத வேண்டும். கையால் எழுதிய வீரத்தில் டி-யும் எஸ்-ஸும் இடம் மாறி ‘கஸ்டி’ ஆகியிருந்தது. அதாவது, பலத்த காற்று. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது ஊர்க் கதை. எனக்குக் குரங்கே காற்றாகிவிட்டது.

காக்காவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். சுலைமானியை நீட்டியபடி சொன்னார்: “கடல்ல கெடந்த நங்கூரத்தத் தூக்கிட்டானுவ. ஒன்னோடது ஒன் ஃபைல்லயே கெடந்துருக்கு.”

அர்பாபைப் பொறுத்தவரை இன்றுவரை அது கேபிள்தான்.