ஏழு கிலோ உளுந்து

எங்கள் எதிர்வீட்டுக்காரருக்கு ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் அதே பெயர் ஓர் எழுத்து தள்ளி. குடியிருப்பில் நாங்கள் வைத்திருக்கும் பெயர் தவணையார். அறுபத்து மூவரோடு அறுபத்து நான்காவதாக உட்கார வைக்கலாம் என்கிற அளவுக்குப் பக்தி இருப்பதால் அந்த ‘ஆர்’. மாதாமாதம் ஐந்தாம் தேதி அவருக்கு விரத நாள். இ.எம்.ஐ. பிடித்தாயிற்று என்று வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும்வரை காபிகூட இறங்காது. வந்த பிறகு, போனைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாததுதான் பாக்கி.

இந்த ரகத்து மனிதரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மாம்பாக்கம் பக்கம் எந்த அடுக்குமாடியில் கல்லெறிந்தாலும் ஒரு தவணையார் மேல் விழும். எறிய வேண்டாம், கண்ணாடி உடைந்தால் அசோசியேஷன் சண்டைக்கு வரும்.

நான் வாடகைக்காரன். அவரை அது என்னைவிட அதிகமாகப் படுத்துகிறது. லிஃப்டில் தனியாக மாட்டிக்கொண்டால் போதும், ஆரம்பித்துவிடுவார். “மாசம் பதினாலாயிரம் தண்டம் சார். யார் வீட்டுக்கோ நீங்க தண்ணி ஊத்தறீங்க.” மூன்றாவது மாடிக்குள் எனக்கு ஒரு மனை, அதில் ஒரு கிணறு எல்லாம் வாங்கிக் கொடுத்துவிடுவார்.

அவர் கதை இது. 2021 ஆகஸ்டில் 40 லட்சம் கடன் வாங்கினார். 20 வருஷம், 7 சதவீத வட்டி, மாதம் 31,012 ரூபாய். ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி அப்போது 4 சதவீதத்தில் படுத்துக் கிடந்தது. இவருடைய கடனை அதன் வாலில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். கொரோனாக் காலம் என்பதால் கிரகப்பிரவேசப் பந்தியில் முப்பது இலைதான். அதையும் லாபக் கணக்கில் எழுதிக்கொண்டார்.

பிறகு வந்தது 2022 மே 4. அக்னி நட்சத்திரம் ஆரம்பித்த நாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், முன்கூட்டிச் சொல்லாமல், அப்போதைய கவர்னர் சக்திகாந்த தாஸ் திரையில் தோன்றி ரெப்போ வட்டியை 0.40 ஏற்றினார். ஊருக்கெல்லாம் கத்திரி அந்த மாதக் கடைசியோடு முடிந்தது. தவணையாருக்கு அடுத்த பிப்ரவரி வரை அடித்தது. மொத்தம் ஆறு ஏற்றம். ரெப்போ 6.50-க்குப் போனது, இவருடைய 7 சதவீதம் 9.50 ஆனது.

வங்கி மிகவும் மரியாதையானது, தவணையைக் கூட்டவில்லை. காலத்தைக் கூட்டியது. அதை இவர் கவனித்தபோது 31,012 ரூபாயில் வட்டிக்கு 30,600-க்கு மேல் போய், அசலில் கழிந்தது 400-க்கும் கீழே. ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினார். கையில் கால்குலேட்டர்.

“சார், இப்படியே போனா இன்னும் நாப்பத்தாறு வருஷம். எனக்கு இப்ப நாப்பத்தொண்ணு.”

“எண்பத்தேழு வயசுல முடிஞ்சிடுமே.”

“பல் இருக்குமான்னு தெரியல சார். லோன் இருக்கும்.”

அன்று அவர் வாடகைப் பேச்சை எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். “நான் ஓனருக்கு 14,000 வாடகை தர்றேன். நீங்க பேங்குக்கு 30,600 வாடகை கொடுத்துட்டு, மாசம் நானூறு ரூபாய்க்கு வீடு வாங்கறீங்க. கிட்டத்தட்ட நாம ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “ஆனா சொந்த வீட்ல ஆணி அடிக்கலாமே சார்?”

நியாயமான வாதம். என் ஒப்பந்தத்தில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஐந்தாவது ஷரத்து. ஆனால் அவர் வீட்டிலும் ஒரு ஆணியைக் கண்டதில்லை. பூச்சு உதிர்ந்தால் பின்னால் விற்கும்போது விலை போகாது என்று அவரே தடை போட்டிருக்கிறார். அவர் வீட்டுக்காரராக இருந்து தமக்குத் தாமே போட்டுக்கொண்ட ஷரத்து அது. இரண்டு வீட்டிலும் தினக் காலண்டர் ஃப்ரிட்ஜின் மேல்தான் சாய்ந்து நிற்கிறது.

மறுநாள் வங்கிக்குப் போய், காலத்தைப் பழையபடி குறைத்துத் தவணையை 37,000 ஆக்கிக்கொண்டு வந்தார். அந்த ஆறாயிரத்தை வீட்டுச் செலவிலிருந்து பிய்த்தெடுக்க வேண்டிய கட்டாயத்தில்தான் அவருக்கு ஞானம் பிறந்தது. ஞானத்தின் பெயர் ஐந்தரை.

கணக்கு சரியானது என்பதுதான் இதில் வேதனை. 9.50 சதவீதக் கடனில் இன்றைக்கு நூறு ரூபாயை அசலில் கூடுதலாகக் கட்டினால், 18 வருஷம் கழித்துக் கடைசியில் கட்ட வேண்டியதில் ஏறக்குறைய 550 ரூபாய் குறையும். மாறும் வட்டியுள்ள வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அபராதம் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லியும்விட்டது. அன்று முதல் தவணையார் எந்தப் பொருளையும் அதன் விலையில் பார்ப்பதில்லை. 2041-ன் விலையில் பார்க்கிறார். முந்நூறு ரூபாய் பிரியாணிப் பொட்டலம் அவர் கண்ணுக்கு 1,650. “ஆயிரத்து அறுநூத்தம்பது ரூபாய்க்கு யாராவது பிரியாணி சாப்பிடுவாங்களா?” என்று தயிர்சாதத்தைப் பிசைகிறார்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன் பள்ளிச் சுற்றுலாவுக்கு 4,500 கேட்டான். “24,750” என்றார் அப்பா, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். பையன் விவரமானவன். “சரிப்பா, 24,750-ன்னே என் பேர்ல எழுதிக்குங்க. 2041-ல வேலைக்குப் போய்த் தந்துடறேன். இப்ப 4,500 குடுங்க.” கணக்கில் ஓட்டையைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. பையன் ஊட்டிக்குப் போய்வந்தான். அவர் மனைவி ஒருநாள் சண்டையின் நடுவில் கேட்டாராம்: “ஏங்க, ஒரு மணி நேரமாக் கத்தறீங்களே, இது 2041-ல அஞ்சரை மணி நேரமா?”

வருமான வரி விஷயத்தில் அவரிடம் யாரும் வாய் கொடுக்கக் கூடாது. வீட்டுக் கடன் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு கிடைக்கும் என்பதற்காகப் பழைய வரி முறையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். மூன்றரை லட்சத்துக்கு மேல் வட்டி கட்டி, நாற்பதாயிரம் சொச்சம் வரி மிச்சம் பிடித்ததை, ஆற்றில் விழுந்தவன் குளித்த செலவு மிச்சம் என்பதுபோலச் சொல்லுவார்.

சிக்கனத்தில் அவர் அடைந்த உச்சத்தை நேரில் பார்க்கும் பாக்கியம் எனக்கு ஒரு மே மாதத்தில் கிடைத்தது. நம் ஊர் மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் அப்போது இலவசம். 500 வரை ஒரு கட்டணம். 501 ஆனால் அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் அல்ல, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் வேறு விலைப் பட்டியல். ராத்திரி ஒன்பது மணிக்குக் கீழே மீட்டர் பெட்டிகள் இருக்கும் இடத்தில் டார்ச் வெளிச்சம் ஆடியது. திருடனோ என்று எட்டிப் பார்த்தேன். தவணையார், லுங்கியை மடித்துக் கட்டி, குத்துக்காலிட்டு, மீட்டரின் சிவப்பு விளக்கு சிமிட்டுவதை வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

“491 சார். நாளைக்குக் காலையில ரீடிங் எடுக்க வருவாங்க. தப்பிச்சிடுவோம்.”

அன்று ஏ.சி. கிடையாது. மூவரும் ஹாலில் ஒரே ஃபேனுக்குக் கீழே படுத்தார்கள். மறுநாள் ரீடிங் எடுப்பவர் வரவில்லை. 495. மிக்ஸிக்குத் தடை, அம்மா வீட்டுக் கல்லுரல் ஞாபகம் வந்து அவர் மனைவி என்னென்னவோ சொன்னார், கதவு சாத்தியிருந்ததால் பாதிதான் கேட்டது. அதற்கும் மறுநாள் காலை 498. பால் பாக்கெட்டும் மாவுப் பாத்திரமும் எங்கள் ஃப்ரிட்ஜுக்குக் குடிவந்தன; அவர்கள் ஃப்ரிட்ஜ் அணைக்கப்பட்டது. பதினொன்றரைக்கு அந்த மனிதர் வியர்த்து வழிய வந்து, மீட்டரைப் பார்த்து, 499 என்றார். தவணையார் அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தார். இரண்டு டம்ளர். அந்த மோர் எங்கள் ஃப்ரிட்ஜிலிருந்து வந்தது, எங்கள் மீட்டரில் குளிர்ந்தது.

அரசாங்கத் திட்டம் எதுவும் அவருக்குத் தெரியாமல் அமலுக்கு வர முடியாது. 2021-ல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதும், தெருமுனைக் கடையில் கீரை வாங்குவதை நிறுத்தினார். மனைவியைத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு அனுப்பிவைக்கிறார். “போக்குவரத்துச் செலவு ஜீரோ.” மூன்று மணி நேரம் நின்றபடி போய்வருகிறவரின் முழங்காலுக்கு அட்டவணையில் கட்டம் இல்லை. ஒரு காலத்தில் ரேஷன் பாமாயிலை முகர்ந்து முகம் சுளித்தவர்தான். இப்போது லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்கிவர வரிசையில் முதல் ஆள்.

அட்டவணை என்றேனே, அது எக்ஸெலில் இருக்கிறது. தினமும் ராத்திரி மனைவி சொல்லச் சொல்ல இவர் ஏற்றுவார். பால், காய், மளிகை, கேஸ், மெயின்டனன்ஸ் எல்லாம் தனித்தனிக் கட்டம். விருந்தாளி வந்த நாள் சிவப்பு. என்னிடம் காட்டி விளக்குவதில் அலாதிச் சந்தோஷம். ஒருநாள் பார்த்துக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றேன்.

“உளுந்து மாசம் ஏழு கிலோவா?”

“இட்லி சார். ஹோட்டல் செலவே கிடையாது பாருங்க” என்றார் பெருமையாக.

மூன்று பேர். ஏழு கிலோ உளுந்துக்கு அரிசி போட்டு அரைத்தால் சின்னதாக ஒரு மெஸ் நடத்தலாம். அவர் மனைவி சமையலறை வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார். வாடகைக்காரனுக்குப் பார்வையைப் படிக்கத் தெரியும். “உளுந்து உடம்புக்கு நல்லதுதான்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விஷயம் என் மனைவி மூலமாக வந்தது. சமையலறையில் ஆகிற உளுந்து இரண்டு கிலோ. மீதி ஐந்து கிலோ, 2021-லிருந்து மாதாமாதம், நகைக்கடைச் சீட்டாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதை ஆரம்பித்தபோது சவரன் 36,000 சுமார். 2025 ஜூனில் 70,000 தாண்டிவிட்டது. தவணையார் ஐந்தரை மடங்குக்கு 2041 வரை காத்திருக்கிறார். அந்த அம்மாள் நாலு வருஷத்தில் உளுந்தைத் தங்கமாக்கி, சத்தம் போடாமல் சேர்த்துவிட்டார். அவருடைய எக்ஸெல் அவர் தலைக்குள் இருக்கிறது, கடவுச்சொல்லோடு.

2025 ஜூன் 6, வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்குப் புது கவர்னர் சஞ்சய் மல்ஹோத்ரா பேசப்போகிறார் என்று தவணையார் அரை நாள் லீவு போட்டிருந்தார். வட்டி அரை சதவீதம் குறைந்தது. பிப்ரவரி, ஏப்ரல் இரண்டையும் சேர்த்தால் அந்த வருஷத்தில் அதுவரை ஒரு சதவீதம். எதிர்வீட்டில் உலகக் கோப்பை ஜெயித்த சத்தம். மாலையில் ஜாங்கிரி வந்தது, தலைக்கு அரை.

“உங்க ஓனரும் லோன்லதானே இந்த வீட்டை வாங்கினார்? அவருக்கும் குறையும். வாடகையைக் குறைக்கச் சொல்லுங்க சார்” என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. 2023-ல் ரெப்போ ஏறிவிட்டது என்று சொல்லித்தான் ஓனர் என் வாடகையில் ஆயிரம் ஏற்றினார். போன் போட்டேன். “ரெப்போவா? அதெல்லாம் நான் பாக்கறதே இல்லப்பா” என்றார்.

தவணையாரோ தவணையைக் குறைத்துக்கொள்ளவில்லை. அதே 37,000-ஐக் கட்டி மாதக் கணக்கைக் குறைப்பதாக முடிவு. அதோடு நில்லாமல் செலவிலும் இன்னொரு இறுக்கம் என்று அன்று ராத்திரி அறிவித்தார்: இட்லி இனி ஒன்றுவிட்டு ஒருநாள், உளுந்து நாலு கிலோவுக்கு மேல் கூடாது. மனைவி மறுபேச்சுப் பேசவில்லை; “சரிங்க” என்றார்.

ஜூலை அட்டவணையை எனக்குக் காட்டினார். உளுந்து நாலு கிலோவாக இறங்கியிருந்தது. புளி மூன்று கிலோவாக ஏறியிருந்தது.