ஒரு டிஸ்க் போதுமா?

கேள்வி: கேம் டிஸ்க்கின் கொள்ளளவு கூடிக்கொண்டே போகிறது. ஆனாலும் சில கேம்கள் ஒரே டிஸ்க்கில் அடங்குவதில்லையே? (வாசகர், அனுப்பம்பட்டு)

பழவேற்காடு ஏரியில் படகைப் பெரிதாக்கியவர் பழைய சின்ன வலையையா வீசுவார்? டிஸ்க் பெரிதானால் கேமும் பெரிதாகும். 1997-இல் பிளேஸ்டேஷன் சிடி சுமார் 650 எம்பி. 'ஃபைனல் ஃபேன்டசி 7' மூன்று சிடி கேட்டது. பிளேஸ்டேஷன் 4-இன் ப்ளூரே 50 ஜிபி. 2018-இல் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' இரண்டு கேட்டது. பிளேஸ்டேஷன் 5-இன் டிஸ்க் இப்போது 100 ஜிபி வரை கொள்ளும்.

கேள்வி: டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்கிய பிறகும், அதில் அடங்காத மீதிக் கேமை டவுன்லோடு பண்ணச் சொல்வது நியாயமா?

இல்லை. தினம் 2 ஜிபி டேட்டா உள்ள வீட்டில் 50 ஜிபி இறங்க 25 நாள் ஆகும். நாளை நிறுவனம் சர்வரை மூடிவிட்டால் கையில் மிஞ்சுவது பாதிக் கேம். இரண்டு டிஸ்க் ஆனாலும் சரி, முழு கேமையும் அதிலேயே தருவதுதான் விற்பவரின் கடமை.

கேள்வி: நம்ம கில்லிக்கு எத்தனை ஜிபி வேண்டும்?

2009-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த 'தேசி அட்டா'வில் கில்லி, கபடி, பட்டம் எல்லாம் ஒரே டிஸ்க்கில் அடங்கின. உங்கள் தெருவில் அந்த டிஸ்க்கும் வேண்டாம். இரண்டு குச்சியும் நாலு பேரும் போதும்!