பெயர் தெரியாத பிஸ்கட்

கேள்வி: சிகாகோவில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். மருமகள் ஆல்டி கடைக்குப் போய், கேள்விப்படாத பெயர் போட்ட சாமான்களாகவே வாங்கி வருகிறாள். இது சிக்கனமா, கஞ்சத்தனமா?

பதில்: சிக்கனம்தான். ஜெர்மன்காரர்கள் நடத்தும் அந்தக் கடையில் பெரும்பாலான சரக்கு கடையின் சொந்தப் பெயரில்தான் வரும். விளம்பரத்தில் ஆடிப்பாடுகிற நட்சத்திரத்துக்கு நீங்கள் மொய் எழுத வேண்டியதில்லை. அட்டைப் பெட்டியோடு அலமாரியில் வைத்துவிடுவதால் ஆள்கூலியும் மிச்சம். தள்ளுவண்டிக்குக்கூட 25 சென்ட் நாணயம் போட வேண்டும். வண்டியைத் திரும்ப மாட்டினால் காசு கைக்கு வந்துவிடும். உப்புக்கும் சர்க்கரைக்கும் பரம்பரைப் பெயர் எதற்கு? காபித்தூளை மட்டும் சின்னப் பொட்டலமாக வாங்கிக் குடித்துப் பாருங்கள். வாராவாரம் புதுப்புதுச் சாமான்கள் குவிகிற நடுவரிசைப் பக்கம் மட்டும் போகாதீர்கள். பால் வாங்கப் போனவர் கூடாரத்தோடு திரும்புவீர்கள்!