தலைக்கு மேலே ஒரு துணி

ஹூஸ்டன், டெக்சாஸ்



சென்னை மந்தைவெளிக்காரர் ஒருவர் இங்கே பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. நம் ஊரில் அப்படி ஒரு தொட்டி இருந்தால் வாழைத்தாரோ தண்ணீர் கேனோ ஏறும். இங்கே பெரும்பாலும் காற்றுதான் பயணம் செய்கிறது. ஆனாலும் அமெரிக்கர்களுக்கு இந்த வண்டி என்றால் உயிர். ஃபோர்டின் எஃப் வரிசை 1977 முதல் இந்நாட்டில் அதிகம் விற்கும் பிக்கப்பாக இருந்துவருகிறது. மந்தைவெளிக்காரரின் வண்டி வேறு கம்பெனியுடையது. 1990களில் பிறந்து, இரண்டு கை மாறி அவரிடம் வந்தது. எஞ்சினில் குறையில்லை. கூரையின் உட்புறம் ஒட்டிய துணி, அதாவது ரூஃப் லைனிங், மட்டும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

முதலில் பின்பக்கம் ஒரு சிறு உப்பல். ஒரு கோடை போனதும், உள்கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிக்குப் பதில் துணி தெரிந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு நெடுஞ்சாலையில் போனால் அது உச்சந்தலையைத் தடவிக்கொடுக்கும். அடையாறில் வளர்ந்த மனைவி தன் கொண்டை ஊசிகளைத் தியாகம் செய்தார். வேகத்தடையில் ஏறி இறங்கியபோது அவற்றில் சில கணவரின் வழுக்கையில் வந்து இறங்கின. இதற்கென்றே திருகித் திருகி ஏற்றும் ஊசிகள் இங்கே கடையில் கிடைக்கின்றன. அவையும் ஏறின. துணி நின்றது, மஞ்சள் தூள் உதிர ஆரம்பித்தது. பேர்லண்ட் மீனாட்சி கோயிலில் அவர் தலையைப் பார்த்தவர்கள், எந்தக் கல்யாணத்திலிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தார்கள்.

விஷயம் வீடியோ காலில் அடையாறுக்குப் போனது. "மாப்பிள்ளை, ஜி.பி. ரோட்ல கார்த்தால வண்டிய விட்டா சாயங்காலம் புது லைனிங்கோட எடுத்துண்டு வந்துடலாம்" என்றார் மாமனார். வாஸ்தவம். மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் சீட் கவர், குஷன் வேலை செய்யும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. பழைய உதிரி பாகம் வேண்டுமென்றால் அந்தப் பக்கம் புதுப்பேட்டை இருக்கிறது. குஷன் கடை ஹூஸ்டனிலும் உண்டு. ஆனால் இங்கே துணிக்குக் கொஞ்சம், கூலிக்கு நிறைய. கேட்ட தொகையை வண்டி வாங்கிய விலையோடு ஒப்பிட்டுப் பார்க்க மந்தைவெளிக்காரருக்குத் தைரியம் வரவில்லை.

"பசைதான் விட்டுப்போச்சு. ஃபெவிகால் எஸ்ஆர் தடவி ஒட்டிடுங்கோ!"

மாமனார் மனதில் இருந்தது அவருடைய பழைய அம்பாசடர். அந்தக் காலத்துக் கார்களில் குறுக்குக் கம்பிகளில் துணியைக் கோர்த்து இழுத்துக் கட்டுவார்கள். கிழியும், இப்படி இறங்காது. பிறகு வந்த வண்டிகளில் ஏற்பாடு வேறு: அச்சில் அழுத்திய அட்டை, அதன்மேல் 3 முதல் 5 மில்லிமீட்டர் கனத்தில் பாலியூரித்தேன் ஸ்பாஞ்சு, ஸ்பாஞ்சோடு சேர்ந்த துணி. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் சூடும் புழுக்கமும் வருஷக்கணக்கில் வேலை செய்து அந்த ஸ்பாஞ்சை அரித்துவிடும். பசையும் நன்றாக இருக்கும், துணியும் நன்றாக இருக்கும், நடுவில் இருப்பது பொடியாகிவிடும். அதன்மேல் எவ்வளவு உசத்தியான பசை போட்டாலும் பொடியைத்தான் பிடிக்கும்.

ஆகவே அட்டையையே வெளியே எடுத்தாக வேண்டும். சன் வைசர், உள்விளக்கு, சீட் பெல்ட் மூடி, ஓரத்துப் பிளாஸ்டிக் எல்லாம் கழன்றன. முப்பது வயதான கிளிப்புகள் கை பட்டதும் ஒடிந்தன. அட்டையும் வளைந்தால் முறியும் ஜாதி. வண்டி ஒற்றை வரிசை என்பதால் பக்கத்துக் கதவு வழியாக முழுசாக வந்தது. அதன்பிறகுதான் நிஜமான வேலை. துணியை உரித்ததும், நாள்பட்ட ரவா லட்டு மாதிரி ஸ்பாஞ்சு உதிர்ந்தது. முகமூடி மாட்டிக்கொண்டு சனிக்கிழமை பூராவும் பிரஷ்ஷால் தேய்த்தார். அட்டை தெரிகிறவரை தேய்க்க வேண்டும். இதில் சோம்பல்பட்டவன் அடுத்த கோடையில் மறுபடி ஊசி தேடுவான். குளிக்காமல் வீட்டுக்குள் வரக்கூடாது என்று உத்தரவானதால் கராஜிலேயே காப்பி வந்தது.

ஞாயிறன்று பாண்டி பஜாரில் வளர்ந்த தி.நகர் நண்பர் ஒருவர், துணி விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று வந்து சேர்ந்தார். சூடு தாங்கும் ஸ்ப்ரே பசையை அட்டையிலும் புதுத் துணியின் ஸ்பாஞ்சிலும் அடித்து, தொட்டால் விரலில் வராத பதத்துக்குக் காத்திருந்தார்கள். பாதித் துணியை மடித்து வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவ வேண்டும். ஒட்டியது ஒட்டியதுதான், எடுத்துத் திருத்த முடியாது. தி.நகர்க்காரர் தன் பக்கத்தைக் கொஞ்சம் அவசரமாக இழுத்தார். டிரைவர் சீட்டுக்கு நேர் மேலே ஒரு சுருக்கம். அது டிசைன் என்று இன்றுவரை சாதிக்கிறார்.

மற்றபடி லைனிங் நிற்கிறது. ஒரு கோடையைத் தாண்டிவிட்டது.

இனி ஒரு விண்ணப்பம். மார்கழி சீசன் முடிந்து தை மாதம் மாமனாரும் மாமியாரும் ஹூஸ்டன் வருகிறார்கள். மாமனார் ஃபெவிகால் எஸ்ஆர் டப்பா வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டதாகத் தகவல். தீப்பற்றும் பசையை விமானத்தில் கைப்பையிலும் விடமாட்டார்கள், பெட்டியிலும் விடமாட்டார்கள். அடையாறு பக்கம் அவரைப் பார்ப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: அந்த இடத்தில் இரண்டு பொட்டலம் காப்பிப் பொடி வைக்கட்டும்.