கச்சாயத்துக்கு உள்ளீட்டு வரி வரவு கோரும் விண்ணப்பம்

பெறுநர்: சரக்கு மற்றும் சேவை வரி மன்றம், புது தில்லி.

பொருள்: திருப்பூரில் ‘லைன் வீடு’ எனப்படும் வரிசைக் குடியிருப்புகளின் அடுப்படிகளைப் பனியன் ஏற்றுமதியின் ஜாப் ஒர்க் யூனிட்டுகளாக அறிவிக்கக் கோருதல் தொடர்பாக.

மாண்புமிகு மன்றத்தாருக்கு,

ஒரு பண்டம் உணவா, உணவென்றால் எவ்வகை உணவு என்று ஆராய்வதில் நாட்டின் வரித்துறை காட்டிவரும் நுட்பம் பழைய உரையாசிரியர்களையும் நாணச் செய்வது என்பதைத் திருப்பூரின் பனியன் தொழிலாளர் குடும்பங்கள் பணிவுடன் ஒப்புக்கொள்கின்றன. ஒரு பொருளுக்கு எவ்வளவு வரி என்று வணிகர் முன்கூட்டியே கேட்டால் விடை சொல்லும் அமைப்பான முன்தீர்ப்பு ஆணையம், 2020இல் கர்நாடகத்தில், உறையில் விற்கப்படும் பரோட்டாவை உண்பதற்கு முன் சூடாக்க வேண்டியிருப்பதால் அது ரொட்டியாகாது என்று கண்டு, அதை 18 சதவீத வரிக்கு உரியதாக்கியது. 22-09-2025 முதல் இரண்டும் வரியின்றி ஒரே பந்தியில் அமர்த்தப்பட்டுவிட்டமையால், இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பரோட்டா எவ்வாறு மனம் திருந்தியது என்ற ஆராய்ச்சி இங்கே தவிர்க்கப்படுகிறது.

2024 செப்டம்பரில் கோயம்புத்தூரில் ஒன்றிய நிதியமைச்சர் நடத்திய கலந்துரையாடலில், பன்னுக்கு வரியில்லை, அதனுள் கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்றும், ஆகவே இரண்டையும் தனித்தனியே கொடுத்தால் தாமே வைத்துக்கொள்வதாக வாடிக்கையாளர் சொல்கின்றனர் என்றும் அன்னபூர்ணா உணவகத்தின் சீனிவாசன் எடுத்துரைத்தார். திருப்பூரில் இது வேடிக்கைப் பேச்சன்று. சனிக்கிழமை சம்பளம் வந்ததும் வெறும் பன் வாங்கி வந்து, துருவிய தேங்காயும் சர்க்கரையும் வைத்துத் தோசைக்கல்லில் வாட்டித் தேங்காய் பன் ஆக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், அவ்வாறு வாட்டும் பெண் உற்பத்தியாளராகப் பதிவு பெற வேண்டுமா என்பதை மன்றம் தெளிவுபடுத்த வேண்டும்.

2022 ஜூலை முதல், உறையிட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டிய அரிசி 25 கிலோ வரை 5 சதவீத வரிக்கு உட்பட்டது, அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு வரியில்லை என்றானதால், தமிழ்நாட்டில் 26 கிலோ மூட்டை பிறந்தது. வாரச் சம்பளத்தில் ஐந்து கிலோ பை வாங்குபவர் வரி செலுத்தி நாட்டைத் தாங்க, மூட்டையாக வாங்க வசதியுள்ளவர் கூடுதலாக ஒரு கிலோவைத் தாங்கினால் போதும் என்னும் இந்த ஏற்பாட்டின் நீதி வியக்கத்தக்கது.

இவ்வரிசியின் பயனும் கூறத்தக்கது. பன்னிரண்டு மணி நேர வேலையைக் குறிக்கும் ‘ஒன்றரை ஷிப்ட்’ முடித்து இரவு வீடு திரும்பும் பெண், அரிசியையும் துவரம்பருப்பையும் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகோடு ஒரே குக்கரில் வேகவைக்கும் ‘அரிசிம்பருப்பு’ என்னும் கொங்குச் சோறு, குறைந்த செலவிலும் குறைந்த பாத்திரங்களிலும் ஒரு குடும்பத்தைத் தேற்றிவிடும். ஞாயிற்றுக்கிழமையில், ஊறவைத்த பச்சரிசியை வெல்லத்தோடு அரைத்து எண்ணெயில் ஊற்றிப் பொரிக்கும் ‘கச்சாயம்’ குழந்தைகளுக்குக் கிடைக்கிறது. இவை மலிவானவை என்று பாராட்டுவோரின் கணக்கில் அரிசி உண்டு, வெல்லம் உண்டு. ஷிப்ட் முடிந்தபின் அடுப்பின்முன் நிற்கும் நேரம் எந்தப் பத்தியிலும் இல்லை.

இங்கேதான் விண்ணப்பத்தின் மையம் உள்ளது. உற்பத்திக்காக வாங்கிய பொருளுக்குச் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமையே உள்ளீட்டு வரி வரவு எனப்படும். ஏற்றுமதிக்குச் சுழிய வரி என்பதால், நூலுக்கும் சாயத்துக்கும், ‘ஜாப் ஒர்க்’ என்று கூலிக்குச் செய்து தரப்படும் தையலுக்கும் செலுத்தப்பட்ட வரி ஏற்றுமதியாளருக்குத் திரும்பக் கிடைக்கிறது. அந்தப் பனியனைத் தைத்த ஓவர்லாக் டைலரை மறுநாள் காலை மெஷின்முன் உட்காரவைக்கும் சமையலறையோ எரிவாயு உருளைக்கும் எண்ணெய்க்கும் 5 சதவீத வரி செலுத்திவிட்டு, எதையும் திரும்பப் பெறாத ஒரே யூனிட்டாக நிற்கிறது.

உணவுக்கும் சொந்த நுகர்வுக்கும் வரவு இல்லை என்று சட்டத்தின் 17(5) பிரிவை மன்றம் சுட்டக்கூடும். அடுத்த ஷிப்டுக்கு உடல் எழும்படி உண்ணப்படும் சோறு சொந்த நுகர்வு என்றால், மெஷினுக்கு விடப்படும் எண்ணெய் மெஷினின் சொந்த நுகர்வாகாதது ஏன் என்பதையும் மன்றம் விளக்க வேண்டியிருக்கும்.

எனவே, அடுப்படிகளுக்கு உள்ளீட்டு வரி வரவு வழங்கவும், அது இயலாதெனில் ஒன்றரை ஷிப்டுக்குப் பிந்தைய சமையல் நேரம் சரக்கா, சேவையா என்று வகைப்படுத்தவும் கோரப்படுகிறது. இரண்டும் அன்று என்று தீர்ப்பாகுமானால், அந்நேரத்தைக் குறைக்கும்படி ஷிப்டையாவது ஒன்றாக்கச் சொல்லி உரிய துறைக்கு மன்றம் பரிந்துரைக்கலாம்.

இங்ஙனம்,
வரிப் பதிவு எண் இல்லாத அடுப்படிகள், திருப்பூர்.

இணைப்பு: கச்சாயம் 6 (உறையிடாதவை, பெயர்ச்சீட்டு ஒட்டாதவை, விலை பெறாமல் தரப்படுபவை; உண்ணும்முன் சூடாக்கத் தேவையில்லை).